கத்திரி வயலுக்குப் போட்ட சட்டை

முதலில் எச்சில்தான் ஊறியது. பேச வாயைத் திறந்தால் வழிந்துவிடும் அளவுக்கு. அப்போது எனக்கு ஏழாம் மாதம். பிறகு வியர்வை, தலைவலி, கண்ணில் ஒரு மங்கல். பேருந்தின் பலகை கிட்டே வந்தால்தான் படிக்க முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் மசக்கை என்றார்கள். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை என்று எனக்கும்தான் தோன்றியது. ஆனாலும் தலையை ஆட்டினேன். மசக்கை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கேட்கக்கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது நெய்வேலி நகரியத்தில், ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்கம் தகரம் வேய்ந்த ஒற்றை அறையில். என் வீட்டுக்காரர் சேகருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. முன்வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அந்த அண்ணன் பெர்மனென்ட். குறிஞ்சிப்பாடியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த வீட்டு அக்காவிடம் சொல்லியிருந்தேன். என் அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். நான் போனது குறிஞ்சிப்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கத்திரி வயலுக்கு, காய் பறிக்கும் கூலி வேலைக்கு.

எங்கள் பிளாக்கில் யாரும் வயலுக்குப் போவதில்லை. பிளஸ் டூ படித்தவள், நகரியத்துக்குக் குடிவந்தவள், இன்னும் கூலிக்குப் போகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாதென்ற வீம்பு. சேகருக்கும் அந்த வீம்பு உண்டு. கர்ப்பிணி அட்டை எழுதிய நர்ஸ் என்ன வேலை என்று கேட்டபோது, துணைக்கு வந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வூட்டுலதாங்க" என்றேன். இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டார்கள்.

வயலில் வேறுவிதமாக மறைத்தேன். வயிறு தெரிந்தால் ஆள் சேர்க்கும் அஞ்சலையக்கா மறுநாள் கூப்பிடமாட்டார். எங்கள் பக்கம் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். வெயில் படாது, முள் கீறாது. நான் சேகரின் சுரங்கத்துச் சட்டையைப் போட்டு, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டேன். கெட்டித்துணி. வயிறு தெரியவில்லை. வேலை முடிந்ததும் கழற்றி, பாலிதீன் பையில் திணித்து, மோட்டார் கொட்டகையில் முகம் கழுவிக்கொண்டு பேருந்து ஏறுவேன். சட்டையை ஞாயிற்றுக்கிழமை துவைத்தால் போதும் என்று இருந்தேன். தினமும் துவைத்துக் கொடியில் போட்டால் அக்கா பார்த்துவிடுவாரே.

கத்திரிக்குச் சாயங்காலம் மருந்து அடிப்பார்கள். அடிப்பவர்கள் ஆண்கள். மறுநாள் விடிந்ததும் சந்தைக்குக் காய் போகவேண்டும் என்பதால் நாங்கள் பனி உலர்வதற்குள் இறங்கிவிடுவோம். செடி சரியாக வயிற்றளவு இருக்கும். இரண்டு பாத்தி தாண்டுவதற்குள் சட்டையின் முன்பக்கம் பிழிந்தால் சொட்டும். வெறும் பனித் தண்ணீர்தானே என்று இருந்தேன். நல்ல தடித்த சட்டையாகப் போட்டிருக்கிறோம் என்று ஒரு நிம்மதி வேறு.

அன்று பேருந்தைவிட்டு இறங்கியவள் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. வாந்தி. என்னையறியாமல் சிறுநீர் போய்ப் புடவை நனைந்ததுகூடத் தெரியவில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு வந்த அக்கா பார்த்துவிட்டார். "ஏழு மாசத்துக்கு மேலயும் மசக்கையா? வா, டாக்டர்ட்ட காமிப்போம்" என்று ஆட்டோவில் ஏற்றினார். என் பையையும் அவரே எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை காலையிலிருந்து அசையவில்லை என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் உறைத்தது.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தார். பிறகு நர்ஸிடம் ஏதோ சொன்னார். என் கண்பாப்பா (கண்ணின் நடுவில் இருக்கும் கருமையான துவாரம், இருட்டில் விரியும், வெளிச்சத்தில் சுருங்கும்) கடுகளவுக்குச் சுருங்கி, விரியாமலே இருந்ததாம்.

"என்னம்மா குடிச்சீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்களுக்குத்தான் கண் இப்படி இருக்கும், மறைத்தால் குழந்தையைக் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். வீட்டில் சண்டையா, புருஷன் அடிப்பாரா என்று கேட்டார். போலீசுக்குத் தகவல் போகும் என்றும் சொன்னார். ஷிப்ட்டிலிருந்து ஓடிவந்த சேகரை ஒரு போலீஸ்காரர் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பது காதில் விழுந்தது. அவர் "இல்ல சார், இல்ல சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. நான் வயலுக்குப் போவதைச் சொல்லலாமா கூடாதா என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தயக்கம்.

மருந்து அடித்தீர்களா என்று டாக்டர் கடைசியாகக் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. நான் அடிக்கவில்லையே. அந்த உண்மையோடு அப்படியே செத்திருப்பேன்.

ஆனால் சேகரின் குரல் உடைந்தது. நான் அக்காவின் மடியிலிருந்த பையைக் காட்டி, "அதத் தொறங்க" என்றேன். சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. அந்த அறை முழுக்க வாடை அடித்தது.

"இத போட்டுகினுதாங்க காய் பறிச்சிகினு இருந்தேன். மூணு மாசமா. வூட்டுல இருக்கேன்னு பொய் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. துணிகளைக் கழற்றி, தலைமுடி உட்பட சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அட்ரோபின் ஊசி (இவ்வகைப் பூச்சிமருந்து நரம்பில் செய்யும் வேலையைத் தடுக்கும் மருந்து) போட்டார்கள். எச்சில் வழிந்த வாய் மண்ணைப் போட்டதுபோல வறண்டது. ரத்தத்தில் ஒரு நொதியை (நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை முடித்துவைக்கும் பொருள்) அளந்தார்கள். மிகவும் குறைவாக இருந்தது. வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். அது இருந்தது. நான் அழுதேன். அக்கா என் ஈரத்தலையைத் துவட்டிவிட்டார். "எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

இதைப் படிப்பவர்களில் யாராவது வயிற்றில் பிள்ளையோடு வயலுக்குப் போகிறவராக இருந்தால், ஒன்று சொல்கிறேன். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மருந்து அடித்தீர்களா என்றுதான் கேட்பார்கள். நீங்கள் களை எடுத்திருப்பீர்கள், காய் பறித்திருப்பீர்கள், அடித்தவரின் துணியைத் துவைத்திருப்பீர்கள். அதைச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அஞ்சலையக்காவைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு இரண்டு முறை கலைந்திருக்கிறது. காற்றுக் கருப்பு என்று மந்திரித்தார்கள். நான் சட்டையைப் பற்றிச் சொன்னேன், ஈரச் செடியைப் பற்றிச் சொன்னேன். "அதுக்கு இன்னா செய்யச் சொல்ற? ரெண்டு நாள் வுட்டா காய் முத்திப்பூடும்" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவர் மறுநாளும் வயலில் இறங்கினார்.

என் மகள் நாள் முந்திப் பிறந்தாள். எடை குறைவு. அழ யோசித்தாள், பிறகு அழுதாள். மருந்தினால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வளர வளரத்தான் பார்க்கவேண்டும் என்றார். அவர் நேர்மையாகச் சொன்னார்.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் அவருடைய ஷிப்ட், என்னுடைய பேருந்து. இப்போது அது "இன்னும் இல்லை" என்பதில் நகர்கிறது. இன்னும் குப்புற விழவில்லை, இன்னும் உட்காரவில்லை. ஒவ்வொன்றாகச் செய்தாள், எல்லாவற்றையும் தாமதமாகச் செய்தாள். இப்போது பதினான்கு மாதம். சுவரைப் பிடித்து நிற்கிறாள், இன்னும் நடக்கவில்லை. சில குழந்தைகள் அப்படித்தான் என்கிறார் அக்கா. அவளைத் தூக்குவதற்கு முன் இன்றும் என் கைகளை முகர்ந்து பார்க்கிறேன். இவை என் கைகள்தான், ஆனால் முழுக்க நம்ப முடியவில்லை.

போன மாதம் தடுப்பூசிக்குப் போனோம். புதிதாக வந்த நர்ஸ் பதிவேட்டைத் திறந்து அம்மாவின் வேலையைக் கேட்டார். பெஞ்சு நிறையப் பெண்கள். அக்காவும் இருந்தார். "விவசாயக் கூலி" என்றேன். "இப்ப போறீங்களா?" என்றார். "இல்லைங்க. இவ வயித்துல இருந்தப்ப போயிகினு இருந்தேன். அதையும் எழுதிக்குங்க" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுதினார்.

ஒவ்வொரு நாளும் காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன். வெளிச்சத்தில் அவள் கண்ணின் கறுப்பு சுருங்குகிறது. என் உள்ளங்கையைக் குடையாகப் பிடிக்கிறேன். தேவையே இல்லை என்று டாக்டர் சிரித்தார், தெரிந்தும் செய்கிறேன். அவள் விளையாட்டென்று நினைத்து என் விரலைப் பிடித்து இழுக்கிறாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறேன். கறுப்பு மெல்ல விரிகிறது. அதற்குப் பிறகுதான் உலை வைக்கிறேன்.