ஒரு நாள் முந்திப் போன கல்யாணங்கள்

எங்கள் கோவிலில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு, அந்த மாதத்தில் திருமண நாள் வரும் தம்பதிகளைப் பூசை முடிவில் பீடத்துக்கு முன்னால் அழைத்து ஃபாதர் ஆசீர்வதிப்பார். அதற்கான பட்டியலைக் கோவிலின் பங்கு அலுவலகத்தில் வேலை செய்யும் அக்கா ஓர் எக்ஸெல் கோப்பிலிருந்து கண்ணால் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாதக் கடைசி வந்தாலே அவருக்குத் தலைவலி. நான் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் புரோகிராமராக இருக்கிறேன். "ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தர்றேன்க்கா, ஒரு பட்டனை அழுத்தினா லிஸ்ட் வந்துடும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கோப்பில் தேதிகள் ஆளுக்கொரு விதமாக இருந்தன. ஒருவர் நாளை முதலில் போட்டிருந்தார், இன்னொருவர் மாதத்தை முதலில் போட்டிருந்தார். 5/8 என்றால் ஆகஸ்ட் ஐந்தா, மே எட்டா? இதில் எத்தனையோ பேர் சறுக்கி நான் பார்த்திருக்கிறேன். அதனால் மூன்று சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் நானும் பழைய திருமணப் பதிவேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, சந்தேகமான ஒவ்வொரு தேதியையும் ஒத்துப் பார்த்தோம். நடுவில் சிராங்கூன் ரோட்டுக்கு நடந்து போய் தோசை சாப்பிட்டுவிட்டு வருவோம். வேலை முடிந்தபோது எனக்கு ரொம்பத் திருப்தி. இனி ஒரு தேதியும் தப்பாகாது என்று நினைத்தேன்.

மே மாதப் பட்டியல்தான் என் புரோகிராமிலிருந்து வந்த முதல் பட்டியல். ஒரு குறையும் வரவில்லை. ஜூன் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. தெம்பனிஸில் இருக்கும் ஆன்ட்டி. எங்கள் பங்கில் எல்லாருக்கும் தெரிந்தவர், பாடகர் குழுவில் பல வருடமாகப் பாடுகிறவர்.

"ஏம்மா, லிஸ்ட்ல எங்க பேரே இல்லையே. ஜூன் ஒண்ணாந்தேதிதான் எங்களுக்கு வெட்டிங் டே. இந்த வருஷம் ஐம்பதாவது லா."

கைப்பேசியிலேயே திறந்து பார்த்தேன். அவர்கள் பெயர் மே பட்டியலில் இருந்தது. மே முப்பத்தொன்று.

"ஆன்ட்டி, உங்க பேரு போன மாசமே வந்துடுச்சே. மே முப்பத்தொண்ணுன்னு இருக்கு."

"மே மாசம் முழுக்க நாங்க பெர்த்ல மக வீட்டுல இருந்தோம். அது போகட்டும், எப்படி முப்பத்தொண்ணுன்னு வரும்?"

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். மூன்று சனிக்கிழமை உழைத்த தைரியத்தில், "ரெஜிஸ்டர் பார்த்துத்தான் போட்டோம் ஆன்ட்டி. ஒருவேளை நீங்க கொண்டாடுறதுதான் ஒரு நாள் தள்ளி..." என்று இழுத்தேன்.



"கல்யாணம் ஆனது எனக்காம்மா, உன் கம்ப்யூட்டருக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுருக்கென்றது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வாங்கி வைத்த சோறு ஆறிப்போயிருந்தது.

வேலை முடிந்ததும் நேராகப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அக்கா பதிவேட்டை எடுத்துத் தந்தார். நீல மையில், ஜூன் ஒன்று என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. எக்ஸெல் கோப்பிலும் ஜூன் ஒன்றுதான்.

"என் மேலயும் தப்பு இல்ல, ஆன்ட்டி மேலயும் தப்பு இல்ல. உன் புரோகிராம்தான்" என்றார் அக்கா. அவர் முகத்தில் லேசான சிரிப்பு.

என் கல்யாணத் தேதியைத் தட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. அக்காவுடையதும் சரி. பிறகு பழையவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒருவர் தப்பாமல் எல்லாருக்கும் ஒரு நாள் முந்தியிருந்தது. பதினாலு பதிமூன்றாகியிருந்தது, இருபது பத்தொன்பதாகியிருந்தது. மாதம் மாறாததால் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, யாரும் கேட்கவில்லை. ஒன்றாம் தேதிக்காரர்கள் மட்டும் முந்தைய மாதத்துக்குள் விழுந்துவிட்டார்கள்.

தேதியோடு சேர்த்து மணியையும் காட்டும்படி மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். ஆன்ட்டியின் கல்யாணத்துக்கு நேராக, மே 31, இரவு 11.30 என்று வந்தது.

பதினொன்றரை! தேதியை மட்டும் கொடுத்தால் என் புரோகிராம் அதை அந்த நாளின் நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர் கிரீன்விச் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால் என்பதால், எட்டைக் கழித்து உலக நேரமாகச் சேமிக்கும்படி நானே எழுதியிருந்தேன். அதைத் திரும்பச் சிங்கப்பூர் நேரமாக்கிக் காட்டும் வேலையை மட்டும், வேறு யாரோ எழுதி வைத்த ஓர் ஆயத்த நிரலிடம் விட்டிருந்தேன். ஏதாவது தப்பு நடந்தால் எட்டு மணி நேரம் அல்லவா இடிக்க வேண்டும்? இந்த அரை மணி எங்கிருந்து வந்தது?

அந்த நிரலுக்குள் இருக்கும் நேரக் கணக்கைத் தேடிப் படித்தபோது புரிந்தது. 1982 பிறக்கும் வரை சிங்கப்பூர் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அந்தப் புத்தாண்டுக்குத்தான் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி எட்டாக்கினார்கள். ஆயத்த நிரலுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. நான் எட்டைக் கழித்தேன், அது ஏழரையைக் கூட்டியது. அரை மணி குறைந்ததில் நள்ளிரவு முந்தின நாள் ராத்திரியாகிவிட்டது.

சோதித்துப் பார்த்த தேதிகள் எல்லாமே என் வயதுக்காரர்களுடையவை. 1982க்கு முன்னால் கல்யாணம் செய்தவர்களை நான் நினைக்கவே இல்லை.

திருத்துவது பத்து நிமிட வேலையாகத்தான் இருந்தது. கல்யாண நாளுக்கு மணி எதற்கு? மணியை எடுத்துவிட்டு நாள், மாதம், வருடம் மட்டும் வைத்தேன். எல்லாத் தேதியும் பதிவேட்டோடு ஒத்துப்போனது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. மே ஒன்றாம் தேதி மணமான ஒரு ஜோடி எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஏப்ரலில் அக்கா கையால் எடுத்தபோது அவர்கள் மேயில் வருவார்கள் என்று விட்டிருந்தார். மேயில் என் புரோகிராம் அவர்களை ஏப்ரலுக்கு அனுப்பிவிட்டது. பாவம், அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபாதரிடம் சொன்னேன். "ரெண்டு ஜோடியையும் இந்த ஞாயிறு கூப்பிட்டுடலாம்" என்றார்.

ஆன்ட்டியிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மைசூர் பாகு வாங்கிக்கொண்டு தெம்பனிஸுக்குப் போனேன். கதவைத் திறந்தது அங்கிள். சோபாவில் உட்காரவைத்தார்கள். நடந்ததைச் சொல்லி, "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன் ஆன்ட்டி, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"விடும்மா. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதியாவே இருக்குல்ல, அது போதும்" என்றார் ஆன்ட்டி.

அங்கிள்தான் அந்த அரை மணியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அந்த ராத்திரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நியூ இயர் பூசை. பதினோரு மணிக்கே போய் உட்கார்ந்தாச்சு. அப்போ இருந்த ஃபாதர் பிரசங்கத்தை ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டாரு. அன்னைக்குப் பாதியில, மணியடிக்கிற கோவில் பிள்ளை போய்க் காதுல என்னமோ சொன்னாரு. மணி பதினொன்றரை, அதாவது பன்னிரண்டு! பிரசங்கம் பாதியோட நின்னுச்சு. எல்லாரும் ஹேப்பி நியூ இயர்னு எழுந்துட்டோம்."

"ஃபாதருக்கு மட்டும் முகம் சுண்டிப்போச்சு" என்று ஆன்ட்டி சேர்த்துக்கொண்டார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி மெரூன் பட்டுச் சேலையில் வந்தார். ஐம்பது வருடம் என்று ஃபாதர் சொன்னதும் கோவிலே கை தட்டியது. மே ஒன்றாம் தேதி ஜோடியும் பக்கத்தில் நின்றார்கள். பெயர் கூப்பிட்டதில் அவர்களுக்கு அத்தனை சந்தோஷம்.

பூசை முடிந்து வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மனைவியோடு என்னிடம் வந்தார். விஷயம் பரவியிருந்தது.

"எங்களுது மே பதினாலு. லிஸ்ட்ல பதிமூணுன்னு போட்டிருந்துச்சு. கோவில் லிஸ்டு சரியாத்தான் இருக்கும்னு பதிமூணாந்தேதியே சாப்பிடப் போயிட்டோம்."

"ஐயோ, மன்னிச்சுக்குங்க அங்கிள்."

"மன்னிப்பு எதுக்கு லா?" என்றார் அவர் மனைவி. "மறுநாள் இவருக்கு மனசு கேக்கல. திரும்பவும் கூட்டிட்டுப் போனாரு."