பூனைக்காகச் செய்த மூடி

எங்கள் வீட்டு மீன் தொட்டிக்குள் முழுசாக விழுந்த ஒரே ஆள் நான்தான். அதுவும், அதற்குள் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று என் கையால் செய்த மூடியின் மேல் உட்கார்ந்து, அதை உடைத்துக்கொண்டு விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெளிச்சம். இடுப்பு தண்ணீருக்குள், கால் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி. அந்தக் கோலத்தை என் மனைவி பார்த்தாள், மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பக்கத்து வீட்டு பாய் பார்த்தார், பாயின் பூனையும் பார்த்தது. பார்க்காதவர் என் நைனா ஒருவர்தான். அவருக்குக் கண் தெரியாது.

தொட்டி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் இறக்க வாங்கிய சிமெண்ட் உறைகளில் ஒன்று மிஞ்சிப்போனது. அதைப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் உட்கார வைத்து, அடியில் சிமெண்ட் பூசி, துணி துவைக்கத் தண்ணீர் பிடித்து வைத்தோம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம். தேங்கிய தண்ணீரில் கொசு குடும்பம் நடத்த ஆரம்பித்ததும், பாய் எங்கிருந்தோ தூக்குவாளியில் மீன் குஞ்சு கொண்டுவந்து விட்டார். கொசு போயிற்று. தொட்டியும் என் மனைவி கையை விட்டுப் போயிற்று. மீன் இருக்கும் தண்ணீரில் எப்படிச் சோப்புத் துணியை அலசுவது?

நைனா தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்ட தோலைக் குழியிலிருந்து இழுத்துப் போடுவதும், மறுபடி உள்ளே தள்ளுவதும்தான் அவர் ஆயுசு. அதில் அவர் உள்ளங்கையே ஒரு தோலாகிவிட்டது. கொதிக்கிற டீ டம்ளரை வெறும் கையில் பிடித்துக்கொண்டு ஊர்க் கதை பேசுவார். பார்த்துக்கொண்டிருக்கிற நாம்தான் துண்டைத் தேடுவோம். வேலையை விட்ட பிறகு கண் மங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். கடைசியில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது. அதற்குள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனா ரூமை விட்டு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவரை வெளியே கொண்டுவந்தது அந்த மீன்கள்தான். ஒருநாள் பொரி தின்றுவிட்டு, தொட்டி என்று தெரிந்தோ தெரியாமலோ அதில் கையைக் கழுவினார். விரலில் ஒட்டியிருந்த பொரித் தூளுக்கு மீன் வந்துவிட்டது. "கடிக்குதுடா" என்றார், பரிசு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கொதிக்கிற டம்ளர் தெரியாத விரலுக்கு மீன் வாய் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அதைக் கேட்க நான் அவ்வளவு பெரிய முட்டாள் இல்லை. மறுநாளிலிருந்து காலையில் டேனரி சங்கு ஊதினால் நைனா தொட்டிப் பக்கம் ஸ்டூலில் இருப்பார், கை தண்ணீரில் இருக்கும்.

அப்புறம் ஒருநாள் ஸ்டூல் வழுக்கியது. நான் வேலைக்குப் போயிருந்தேன். தோள் வரைக்கும் தண்ணீருக்குள் போய்விட்டவரை என் மனைவிதான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"மாமாவ கேட்டா வழுக்கிச்சு, அவ்ளோதான்றாரு. நான் கடைக்குப் போனப்ப வழுக்கினா இன்னா பண்றது? மூஞ்சி தண்ணில போய்ட்டா அவருக்கு எது கரை, எது தரைன்னு தெரியுமா? ஒண்ணு, எதனா பண்ணுங்க. இல்லன்னா தொட்டிய ஒடச்சிப் போடுங்க."

உடைக்கலாம். உடைத்தால் நைனா மறுபடி ரூமுக்குள் போய்விடுவார். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் கோபமாகச் சொன்னாள்.

மூடி போடப் போகிறேன் என்றதும் நைனா சிலிர்த்துக்கொண்டார். "எதுக்கு மூடி? நான் இன்னா கொழந்தையா?"

என் வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் போகிற வாய். "உனக்கு இல்ல நைனா, பூனைக்கு. பாய் ஊட்டுப் பூன மீனப் புடிக்க வருது" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பூனைக்குப் பல்லே கிடையாது. பாலில் ஊறிய பன் தவிர எதையும் தின்று நான் பார்த்ததில்லை. நைனா "அந்தப் பூனையா?" என்றார். ஆமாம் என்றேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்த பாய் காதிலும் இது விழுந்துவிட்டது. "தோஸ்த், அது வயசான ஜீவன். அது பேர இழுத்து பேஜார் பண்ணாத" என்று மறுநாள் டீக்கடையில் தனியாகச் சொன்னார்.

முதல் மூடியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நான் வேலை பார்த்த டேனரியில் ஈரத் தோலை இழுத்து ஆணியடித்துக் காய வைக்கிற பலகைகள் உண்டு. பழசாகி ஓரம் தள்ளிய ஒன்றைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து தொட்டியின் மேல் போட்டேன். வட்டத் தொட்டிக்குச் சதுர மூடி. ஆள் ஏறி நின்றாலும் அசையாது. ஆணி போட்ட ஓட்டைகள் ஆயிரம் இருந்ததால் காற்றும் போகும் என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன். அதைத் தூக்கத்தான் ரெண்டு ஆள் வேண்டும். நைனா காலையில் போய், மூடிய தொட்டியின் முன்னால் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "பரவால்ல, பூனை வராது" என்று சொல்லிவிட்டுப் பொரியை அவரே தின்றுவிட்டாராம். இதைச் சொல்லும்போது என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி மழை. காலையில் அவள் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அவள் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்துப் பெண். "எங்க ஊட்ல நூலுக்குச் சாயம் தோய்ச்சா கடசித் தண்ணி இந்த மாரிதான் இருக்கும்" என்றாள்.

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பதம் போடுகிற குரோம் உப்பில் ஊறிய தோல் நீலமாக இருக்கும். அதைத் தொட்டுத் தொட்டு எங்கள் நகக்கண் நீலம், கால்சட்டை ஓரம் நீலம், சாப்பாட்டுப் பையின் காது நீலம். எங்களைப் பொறுத்தவரை அது ஒரு நிறமே கிடையாது. எத்தனையோ தோலின் குரோம் தண்ணீரைக் குடித்து ஊறிப்போன பலகையை உயிர் இருக்கிற தண்ணீரின் மேல் போட, வேறு ஊர்க்காரனுக்கு மனசு வந்திருக்காது. மழை அந்த ஆயிரம் ஓட்டை வழியாகவும் அதைக் கழுவி உள்ளே இறக்கியிருந்தது. பலகையைத் தள்ளிப் பார்த்தோம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சிலது பிளக்கவும் இல்லை.

உயிரோடு இருந்ததை எல்லாம் என் மனைவியின் சீர் அண்டாவில் நல்ல தண்ணீர் பிடித்து விட்டோம். போனவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். பாசி பிடித்துவிட்டது என்று நைனாவிடம் சொன்னேன். அவர் "எல்லாம் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்குது என்றேன். சொல்லிவிட்டு நேராகப் பாயிடம் போய் இன்னும் கொஞ்சம் மீன் குஞ்சு வேண்டும் என்று நின்றேன். பூனை மேல் பழி போட்டவனுக்கு மீன் வேறு வேணுமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தூக்குவாளியைத் தேடினார்.

இரண்டாவது மூடியை ஒழுங்காகச் செய்தேன். மரக்கடையில் புது ரீப்பர் கட்டை வாங்கிச் சட்டம் அடித்தேன். அதன் மேல் கோழிக் கூண்டுக்குப் போடுகிற கம்பி வலை. வெளிச்சம் போகும், மழை போகும், விஷம் போகாது. வெட்டிய வலையின் முனைகள் கையைக் கிழிக்கும் என்பதால் உள்பக்கமாக மடக்கி, மேலே ஒரு மரப்பட்டியை வைத்து ஆணியடித்தேன். ஓரத்துக்கு மெத்தென்று ஒரு தோல் துண்டு வைத்தால் நன்றாக இருக்கும் என்று எடுத்தேன். என் மனைவி சும்மா ஒரு பார்வை பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டேன்.

நைனா உட்காரும் பக்கம் வலையில் ஒரு ஓட்டை வெட்டினேன். கை போக வேண்டும், தலை போகக் கூடாது. அளவுக்கு என் தலையையே வைத்துப் பார்த்தேன். என் தலை பெரிதாக இருந்து உருப்படியான ஒரு காரியம் நடந்தது அன்றைக்குத்தான். ஓட்டையின் ஓரம் கையில் படாமல் இருக்க, ஒழுகிப்போன பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தை அறுத்து அதில் பொருத்திக் கம்பியால் கட்டினாள் அவள். வழவழவென்று இருந்தது. அது அவள் யோசனை. நான் அதை என் யோசனை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நைனா சாய்ந்தால் தாங்குமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் உட்கார்ந்தேன். மிச்சம்தான் உங்களுக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு நைனா கதவைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றார். "இன்னாடா அது? யாரு உளுந்தது?"

என் மனைவி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீருக்குள்ளிருந்தே, "பூன நைனா" என்றேன்.

அவர் காதை என் பக்கம் திருப்பினார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல நைனா."

"தலைய நல்லா தொடச்சி உடு. சளி புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாய் சிரித்து முடித்துவிட்டு, மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுப் பழைய ஜன்னல் கம்பிகள் கையில் இருந்தன. பிய்ந்த வலையைத் திரும்ப இழுத்து அடித்து, கம்பிகளை அதற்கு அடியில் குறுக்கே வைத்துச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கினோம். மூடி நகராமல் இருக்க, தொட்டியின் விளிம்பைக் கவ்வுகிற மாதிரி அடியில் கட்டைகள் வைத்து அடித்தோம். ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு அகலமான ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டேன். பிறகு நான் மூடியின் மேல் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் பாய் உட்கார்ந்தார். அசையவில்லை. ரெண்டு பேரும் அங்கேயே டீ குடித்தோம்.

மறுநாள் நான் வேலைக்குத் தாமதமாகப் போனாலும் சரி என்று இருந்தேன். சங்கு ஊதியதும் நைனா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உடனே கையை விடவில்லை. சட்டத்தை ஒரு சுற்று தடவினார். அடியில் இருந்த கம்பியை விரலால் தட்டினார். முழங்கையை ஊன்றி, கனத்தைக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் குடத்துக் கழுத்து அகப்பட்டது. அதன் வாயைச் சுற்றி விரலை ஓட்டிவிட்டு, பொரியை எடுத்துக்கொண்டு கையை மெதுவாக உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் தோள் லேசாகத் தளர்ந்தது. வந்துவிட்டன என்று தெரிந்தது. என் மனைவி துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மூடி சரியா இருக்குதா நைனா?" என்று கேட்டேன்.

"பூனைக்குன்னுதான செஞ்சே?"

"ஆமா நைனா."

"அப்ப கை உட்றதுக்கு ஓட்ட எதுக்குடா வெச்சே?"

அவர் முகத்தைத் திருப்பவில்லை. கை தண்ணீரிலேயே இருந்தது.

"எனக்குக் கண்ணுதான்டா போச்சு. உனக்குப் பொய்யும் வரல, ஆசாரி வேலையும் வரல."