மாஸ்டர் அடித்த ஹார்ன்

அப்பாவை ஊருக்குக் கூட்டிப்போவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆறு வருஷமாக என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நம்ம ஊர் ரோடு எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பிப்பார். ரோடு என்ன, ரோடு மாதிரிதான் இருக்கும். சொன்னால் கோபம் வந்துவிடும். இருபத்தெட்டு வருஷம் அங்கே டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் ஸ்டியரிங் பிடித்த பாதிப் பேருக்கு அவர்தான் மாஸ்டர்.

சரி, போய்த் தொலைவோம் என்று நான் லீவு போட்டால், காரை அவர்தான் ஓட்டுவாராம். போன வருஷமே கண் டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார்: நரம்பு பழுதாகிவிட்டது, போன பார்வை திரும்பாது, பார்வையில் அங்கங்கே ஓட்டை விழுந்த மாதிரி எதிரில் இருப்பதே விட்டுப்போகும், இனி வண்டியைத் தொடக்கூடாது. அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த டாக்டருக்கு ஒழுங்காக ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சாவியைத் துணி பீரோவில் ஒளித்தும் பார்த்தேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு பேரம். வழி முழுக்க நான் ஓட்டுவேன். ஊர் எல்லையிலிருந்து பழைய ஸ்கூல் வாசல் வரை ரெண்டே கிலோமீட்டர், அவர். நடுவில் ஒரே ஒரு தப்பு நடந்தாலும் அதோடு சரி, இனி ஜென்மத்துக்கும் சாவி கேட்கக்கூடாது.

"உனக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தவன்டி நான்" என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது நான் மாட்டேன் என்றிருக்க வேண்டும். புத்தி எங்கே போயிற்றோ.

என் வீட்டுக்காரர் ஆபீஸில் ஆடிட் என்று நைசாகக் கழன்றுகொண்டார். பின் சீட்டில் அம்மா. எல்லையில் இடம் மாறினோம். ஆறு வருஷம் ஏங்கிய ஊராயிற்றே, குடியிருந்த வீடு, பழகின மனுஷர்கள் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், சுவர்களைக் காட்டுகிறார். இது பேங்க் மேனேஜர் இடித்த காம்பவுண்டு. அது பல் டாக்டர் ஏற்றிய நடைபாதை. இந்தக் கம்பத்தைத் தபால் ஆபீஸ் அம்மா ரெண்டு தடவை, அதுவும் ஒரே வாரத்தில். இன்னும் எத்தனை சுவர் பாக்கி என்று அம்மா பின்னாலிருந்து சலித்துக்கொண்டாள். நானோ ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், வண்டி அலுங்காமல் போனது. பாவி மனுஷர், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஸ்கூலுக்கு முந்தைய மேட்டில், முன்னால் போன கார் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. கிளம்பியது, மறுபடி நின்றது. அப்பா உச்சுக்கொட்டினார். பிறகு ஹார்னை அழுத்தினார், நீளமாக.

நான் விக்கித்துப்போனேன். முன் காரின் முதுகில் எல் போர்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பாக ஒட்டியிருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் பின்னால் ஹார்ன் அடித்தவன் யாராக இருந்தாலும், நடுரோட்டில் இறங்கிப்போய்ச் சட்டையைப் பிடிக்கிற ஆள் என் அப்பா.

அந்தக் காரில் இருந்த பெண் பதறிப்போய் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். கார் பின்னால் உருண்டுவந்து எங்கள் பம்பரில் டொக்கென்று முட்டியது. பக்கத்து சீட்டிலிருந்து, சொல்லிக்கொடுக்கிறவள் இறங்கி வேகமாக வந்தாள். அப்பாவிடமே படித்து, அவர் ஊரை விட்டபோது ஸ்கூலை எடுத்துக்கொண்டவள். வந்த கோபத்தில் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எல் போர்டு கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டபடியே ஜன்னலில் குனிந்தவள், வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, மாஸ்டர்..."

அப்பா முன் காரையே பார்த்தார். தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடினார்.

"தெரியலம்மா" என்றார்.

ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். காதில் விழுந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ரொம்பச் சின்ன போர்டுப்பா, எனக்கே தெரியல" என்று புளுகினேன்.

"சின்னதா இருக்காதுடி. எழுதிக் கொடுத்ததே நான்தான்."

என்ஜினை அணைத்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். இறங்கிப்போய், முன் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த பெண்ணிடம், தப்பு உன்மேல் இல்லை, ஹார்ன் அடித்தவன்மேல், மெதுவாக எடு என்றார். கார் மேடேறும்வரை நின்று பார்த்தார். அப்புறம் பின் கதவைத் திறந்தார். அம்மா பையை மடிக்கு எடுத்துக்கொண்டு இடம் விட்டாள்.