சந்தனப் பொட்டால் குறி பார்த்தேன்

நாடு சுதந்திரம் அடைந்த வருடம் அது. எங்கள் ஊர் காஜா பேராங் திடலில் நண்பர்கள் நாங்கள் ஞாயிறுதோறும் காற்றுத் துப்பாக்கியால் குறி சுடுவோம். லெட்சுமணன் சிங்கப்பூரிலிருந்து புதுத் துப்பாக்கி வாங்கி வந்ததிலிருந்து அவனே ஜெயித்தான். என்னுடையது பழசு. தோற்ற வாரமெல்லாம், சாமான் சரியில்லை என்று வீட்டில் புலம்புவேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாளும் போட்டி இருந்தது. போகும் வழியில் துப்பாக்கி சைக்கிளிலிருந்து விழுந்து, குழல் நுனியில் குறி பார்க்க இருந்த குமிழ் உடைந்துவிட்டது. விலகிக்கொள்ளத்தான் நினைத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, பூஜையில் என் மனைவி குழல் நுனியில் வைத்த சந்தனப் பொட்டு. காய்ந்து சின்ன மேடாக நின்றது.

"என்னா லா, பொட்ட பாத்தா சுடப் போற?" என்று லெட்சுமணன் சிரித்தான்.

"பாப்போம்லா" என்றேன்.

முதல் ரவை இடப்பக்கம் விலகியது. அந்த அளவுக்கு வலப்பக்கம் தள்ளிப் பிடித்தேன். வழக்கமான அவசரத்தை விட்டு, மூச்சை அடக்கி நிதானமாகச் சுட்டேன். மீதி நான்கும் நடுவட்டத்தில் பாய்ந்தன. அவனுக்கு மூன்றுதான்.

நம்பாமல் என் துப்பாக்கியை வாங்கி, பொட்டை நேராகவே பார்த்து அவனும் சுட்டான். ஐந்தும் அட்டைக்கு வெளியே போயின. திடலே கைதட்டியது. நான் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன்.

பிறகும் பலமுறை தோற்றிருக்கிறேன். ஆனால் வீட்டில் கேட்டால், "இன்னிக்கி நான் சரியா சுடல" என்று மட்டும்தான் சொல்வேன்.