கொழும்பு வழி வியட்நாம்

கடைக்குள் நாலு பேர் இருக்கிறோம். நான், என் மனுசன், மகள் துளசி, டிக்கெட் போடுகிற வியட்நாம்கார அக்கா. ஜேர்மனியில் நாங்கள் இருக்கிற வுப்பர்டாலில் இருந்து ரயிலேறி எசன் நகரத்துக்கு வந்திருக்கிறோம், மிச்சக் காசைக் கட்டி டிக்கெட்டை வாங்க.

வியட்நாமில் பார்க்கவென்று ஹனோய், ஹூவே அரண்மனை, சண்டைக்காலத்துச் சுரங்கம் என்று மகள் ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறாள். நான் படிப்பைப் பாதியில் விட்டவள். அந்தப் பயத்தில் எந்தக் கடுதாசியையும் மூன்று தரம் வாசிப்பேன். அக்கா நீட்டிய பயண விபரத்திலும் மூன்றாம் தரம்தான் கண்ணில் படுகிறது: வழியில் கொழும்பு, எட்டு மணித்தியாலம்.

"இதென்னப்பா?"

"அதுதான் மலிவு," என்கிறார் மனுசன், என்னைப் பார்க்காமல்.

எங்கள் இரண்டு பேரிடமும் இருப்பது அகதிகளின் நீலப் பாஸ்போர்ட். இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அதில் அடித்திருக்கிறது. மகளிடம் மட்டும் ஜேர்மன் பாஸ்போர்ட்.

"நீங்கள் எயார்போட்டை விட்டு வெளியில போகத் தேவையில்லை. உள்ளுக்குள்ளேயே இருங்கோ," என்று டொச்சில், ஜேர்மன் மொழியில், சொல்கிறா அக்கா.

"அங்க இருக்க ஏலாமல்தானே இஞ்ச வந்தனாங்கள்," என்கிறேன் எனக்குத் தெரிந்த டொச்சில்.

அக்கா கொம்பியூட்டரில் தட்டுவதை நிறுத்துகிறா. "நானும் படகில வந்தவள்தான். ஹோய் ஆனில என்ர அப்பாவின்ர வீட்டையும் பாருங்கோ. இப்ப அது மியூசியம், டிக்கெட் எடுத்தால்தான் உள்ள விடுவினம்."

பாங்கொக் வழியாக மாற்றித் தருகிறா. ஆளுக்கு எண்பது யூரோ கூட.

"உன்ர பயத்தின்ர விலை," என்கிறார் மனுசன்.

கொண்டுவந்த காசு முழுவதையும் மேசையில் வைக்கிறேன். இன்னும் கட்டவேண்டியது இருநூற்று நாற்பது யூரோ.