கஞ்சிக்கு நிற்காத மயில்

என் தங்கையின் நலங்குப் புடவையை நகரியில் என் வீட்டுக்காரர் தம் தறியிலேயே நெய்தார். கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய பருத்தி. புடவையோடு சேர்ந்து வந்த ரவிக்கைத் துண்டு ஒன்றே ஒன்று. அது கெட்டால் வேறு கிடையாது. "கடைக்குக் குடுக்காத, முதுகுல மயில் நானே போட்டுத் தர்றேன்" என்று தங்கையிடம் பெருமையடித்து வைத்திருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

எம்பிராய்டரி மெஷினில் ஃபிரேம் மாட்டும்போது துணிக்கு அடியில் ஒரு பேப்பர் வைக்க வேண்டும். அதுதான் துணியை இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். தைத்ததும் கிழித்து எடுத்துவிடுகிற பேப்பர் உண்டு, தண்ணீரில் கரைவதும் உண்டு. மயில் மாதிரி நெருக்கமான தையலுக்கு இரண்டும் ஆகாது. ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, தையலுக்கு அடியில் அப்படியே விட்டுவிடுகிற கெட்டி பேப்பர்தான் வேண்டும். என்னிடம் கிழிக்கிற பேப்பர் மட்டும்தான் இருந்தது. திருப்பதிக்குப் பஸ் ஏறணுமே என்று முணுமுணுத்தேன்.

"இதுக்கா திருப்பதி? துணி அசையக்கூடாது, அவ்ளோதான? கஞ்சி போட்டா நிக்கும்" என்றார் அவர்.

பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே பழகிய மனுஷன். மறுநாள் பார்த்தால், ரவிக்கைத் துண்டைக் கஞ்சியில் முக்கி, காயவைத்து, இஸ்திரியும் போட்டு வைத்திருக்கிறார். "உங்கள யார் கேட்டா?" என்று கத்தினேன். ஆனால் துணி அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது. எனக்கும் சோம்பல். கிழிக்கிற பேப்பரையே வைத்துத் தைத்துவிட்டேன். மயில் அவ்வளவு அழகாக வந்தது. கஞ்சி போக அலசினேன், அவ்வளவுதான், மயிலைச் சுற்றித் துணி சுருங்கிக் கோணிக்கொண்டது. நலங்குக்கு மூன்றே நாள். உட்கார்ந்து அழுதேன்.

"போய் அந்தக் கெட்டி பேப்பர வாங்கிட்டு வா" என்றார் அவர். மறுநாள் திருப்பதி போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், அவர் புடவையைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு, கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள சொருவுற பக்கம் அரை மீட்டர் எடுத்துக்க. முதுகுக்குப் போதும்."

"ஐயோ, புடவை பத்தாதுங்க!"

"ரெண்டு கொசுவம் கொறையும். போவட்டும்."

தாம் நெய்த புடவையை அவரே வெட்டினார். எனக்குப் பார்க்க மனசில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரியே கெட்டி பேப்பர் வைத்து மயிலை மறுபடி போட்டேன்.

நலங்கன்று அம்மா வீட்டுக் கூடம் நிறைய இரண்டு பக்கத்துச் சொந்தமும். எல்லாருக்கும் தறிதான் தொழில். தங்கை புடவை கட்டிக்கொண்டு வந்து, "இன்னா மாமா, கொசுவம் கம்மியா கீது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"நெய்யறப்போ அளவுல தப்பு பண்ணிட்டேம்மா" என்றார்.

அவருடைய அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தினி வருசமா தறியில குந்திக்கினு கீற, அளவு தெரியலியாடா?" கூடமே சிரித்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் காலை அழுத்தி மிதித்தார்.

"திரும்பி நில்லும்மா" என்றார் தங்கையிடம். "உங்க அக்கா போட்ட மயில எல்லாரும் பாக்கட்டும்."