சித்தி துடைத்த கோடுகள்

எங்கள் நகரத்தில் சினிமா வளர்ந்த கதையைத் தலையணை கனத்துக்கு ஒருவர் புத்தகமாக எழுதியிருக்கிறார். கொட்டகையில் ஊமைப்படம் ஓடியதிலிருந்து கம்ப்யூட்டரில் படம் வெட்டுவதுவரை எல்லாம் இருக்கிறது. ஒரு நடிகர் வளர்த்த நாய்க்குக்கூட அரைப் பக்கம். என் சித்தியைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு அதில் கோபம்தான். சித்திக்குத் துளியும் இல்லை. சினிமா தனக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது என்பாள்.

சித்தி நெகட்டிவ் வெட்டுகிறவள். எடிட்டர் நகல் பிரதியில் வெட்டி ஒட்டி முடித்ததும், மூல நெகட்டிவை அதே இடங்களில் வெட்டி ஒட்டுவது அவள் வேலை. நகல் பாழானால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். ஜன்னல் இல்லாத அறை, கையில் வெள்ளைக் கையுறை. லேபில் அவளுக்கு 'கத்தரி' என்று பெயர். சுத்தம் அவளுக்கு ஒரு வியாதி. கழுவி வைத்த தட்டைச் சாப்பிடும் முன் இன்னொரு தரம் துடைப்பாள். அந்த வியாதிதான் ஒருநாள் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

செட் போடும் தச்சரான சித்தப்பா, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்த வருஷம் அது. நான்கு வாய்க்கும் சித்தியின் வேலைதான் சோறு போட்டது.

எடிட்டர் ஒரு ஷாட்டை வெட்டிவிட்டு மனம் மாறி மறுபடி ஒட்டினால், அந்த ஒட்டின்மேல் மெழுகுப் பென்சிலால் இரண்டு கோடு இழுப்பார். இங்கே வெட்டாதே என்று அர்த்தம். அந்தப் படத்தில், மகன் போன பிறகு ஒரு தாய் வாசலில் அசையாமல் நிற்பாள், பிறகு வெடித்து அழுவாள். நிற்பதற்கும் அழுவதற்கும் நடுவில் அப்படி இரண்டு கோடு இருந்தது. சித்தி வழக்கம்போல் வேலைக்கு முன் நகலைத் துணியால் துடைத்தாள். பிறகு ஒட்டைப் பார்த்தாள், நெகட்டிவை வெட்டினாள். துணியில் மஞ்சள் மெழுகு ஒட்டியிருப்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. திரும்ப ஒட்டினால் ஒரு ஃபிரேமாவது போகும். திரையில் அந்தத் தாய் துள்ளி விழுவாள்.

மறைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. நேரே எடிட்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்று நின்றாள். அவர் நகலை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். ஒலி சேர்க்க இன்னும் ஒருநாள் இருந்தது, அதுவரை காட்சியை மாற்றலாம்.

"அழுகையே வேணாம்மா. இதோட நிறுத்திடலாம். கேட்டா நான் வெட்டினேன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

டைரக்டர் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டாராம். எடிட்டர், தான்தான் வெட்டியதாகச் சொல்லிவிட்டார். அந்த டைரக்டரின் அடுத்த படம் வேறு எடிட்டருக்குப் போனது. சித்தி மறுநாளும் கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அவரிடம் நன்றி சொல்லப் போன போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

முப்பது வருஷம் கழித்து அந்தப் படத்தை மறுபடி திரையிட்டார்கள். சித்தியை நான்தான் அழைத்துப் போனேன். படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, அழுகைக்கு முன்னால் நறுக்கென்று வெட்டும் துணிச்சல் எப்படி வந்தது என்று எடிட்டரைக் கேட்டார். அரங்கமே கை தட்டியது.

தலை நரைத்த எடிட்டர் மைக்கை வாங்கினார். "அது என் வெட்டு இல்ல. மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்களே, அவங்க வெட்டினது."

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பின. சித்தி எழுந்தாள். "அது தப்பா வெட்டினது. கோட்டை நான்தான் துடைச்சுட்டேன். அன்னைக்கு சார் பழியை ஏத்துக்கலேன்னா என் பிள்ளைங்க பட்டினி கிடந்திருக்கும்."

எடிட்டர் மைக்கோடு அவள் பக்கம் திரும்பினார்.

"நான் கோட்டை இன்னும் அழுத்திப் போட்டிருக்கணும்மா. தப்பு என்னோடதுதான்."

எதைக் கண்டாலும் துடைக்கிற சித்தி, அன்று கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.